இரண்டு வரிச் செய்தியும் ஒரு கட்டுமர ஓட்டமும்

இரு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் ரொறன்ரோவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவரை நான் முன்பின் அறியேன். தந்தையார் காலமாகிப் பத்து நாட்களே ஆகியிருந்தன. முப்பத்தோராம் நாள் நினைவாக அச்சிடும் சிறுநூலை நாங்கள் கல்வெட்டு என்போம். அதற்காக வாழ்க்கைக் குறிப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, 1972 ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்புப் போட்டியிலை, கட்டுமர ஓட்டத்திலை அப்பா முதலாமிடம். சின்ன வயசிலையிருந்து கேட்ட கதை. ஆனால் கையிலை ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நீங்கள் அந்த நாளிலை பேப்பரிலை இருந்தனீங்கள்தானே. அதிலை வந்திருக்குமோ?"

கேட்ட பொருள் சிறிது. ஆயினும் ஓய்வுபெற்ற ஒரு பத்திரிகையாளனிடம் இத்தகைய கேள்வி வந்தால் அவன் சும்மா இருப்பதில்லை. மறுவாரம் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் சென்று, 1972 ஏப்ரல் மாதக் கட்டை எடுத்துத் தரச் சொல்லிப் புரட்டினேன். செய்தி கிடைத்தது. உள்பக்கத்தின் அடியில், ஒரு விளம்பரத்தின் தலைக்கு மேல், இரண்டு நீண்ட வாக்கியங்கள். வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றின் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் இணைந்து நடத்திய கடல் விளையாட்டுப் போட்டிகள் பற்றிய செய்தி அது. தலைமை தாங்கியவர் பெயர் இருந்தது. பிரதம விருந்தினர் பெயரும், பரிசில்களை வழங்கிய அவருடைய பாரியாரின் பெயரும் இருந்தன. வென்றவர்களுக்குப் பரிசில்கள் வழங்கப்பட்டன என்று முடிந்திருந்தது. வென்றவர்கள் யார் என்பது மட்டும் இல்லை.

அந்தச் செய்தியைச் செம்மையாக்கி அச்சுக்கு அனுப்பியவன் பெரும்பாலும் நானேதான். அக்காலத்தில் ஒரு தமிழ் நாளேட்டின் பிரதேசச் செய்தி மேசையில் இளநிலை உதவியாசிரியனாக இருந்தேன். ஊர் நிருபர்கள் தபாலில் அனுப்பும் செய்திகள் ஃபுல்ஸ்காப் தாளில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு வரும். விழாவின் தொடக்கத்தில் விளக்கேற்றியவர்கள் முதலாவது பக்கத்திலும், போட்டி முடிவுகள் கடைசிப் பக்கத்திலும் இருக்கும். எமக்குக் கிடைத்த இடமோ ஓர் அங்குலம். வாலில் இருந்து வெட்டுவது பத்திரிகைத் தொழிலின் பாலபாடம். அவ்வாறே வெட்டினோம். வாலில் இருந்தவை கட்டுமரம் வலித்தவர்களின் பெயர்கள்.

அதே பத்திரிகையில், 1904 முதல் நடைபெற்றுவரும் 'வடக்கின் பெருஞ்சமர்' என்னும் யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரி, மத்திய கல்லூரி துடுப்பாட்டப் போட்டிக்கு ஓட்ட எண்ணிக்கையுடன் பத்தி பத்தியாக இடம் கொடுத்தோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுவும் எமது வரலாறே. ஆனால் ஒரு சமூகம் எதை விளையாட்டு என்று கருதுகிறது, எதைக் கரையோரத்துப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறது என்பதற்கு அந்த அங்குலக் கணக்கு ஒரு சான்று. உள்நாட்டு வயல்வெளிக் கிராமத்தில் பிறந்த எனக்கும் அந்த மனப்பான்மை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கடல் விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். வடமராட்சியின் வடகரை, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பொலிகண்டி, பருத்தித்துறை என நீள்வது, முருகைக்கல் பார்கள் நிறைந்த கரை. கிழக்கே திரும்பினால் மணற்காட்டுப் பக்கம் மணற்குன்றுகள். மணற்கரையில் கரைவலை இழுக்கலாம். கற்கரையில் பார்களுக்கிடையே உள்ள ஒடுங்கிய வழியால் மரத்தையோ வள்ளத்தையோ வெளியே கொண்டுபோய்த்தான் தொழில் செய்யலாம். கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்று. அப்போது கடல் கொந்தளிக்கும், தொழில் நாட்கள் குறையும், மரங்கள் கரையேறும். வைகாசி தொடங்கிச் சோளகம். இவ்விரண்டுக்கும் இடையே, பங்குனியிலும் சித்திரையிலும் கடல் குளம் போலக் கிடக்கும் சில வாரங்கள் உண்டு.

கழகங்களின் நாட்காட்டி இதன்படிதான் அமைந்தது. வாடையில் இளைஞர்களுக்குக் கைவேலை குறைவு, காற்று மிகுதி. ஆகவே தைப்பொங்கலுக்குப் பட்டம். கடல் அடங்கும் சித்திரையில் நீச்சல், தோணி ஓட்டம், கட்டுமர ஓட்டம். வல்வெட்டித்துறையில் முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தத் திருவிழாவை ஒட்டிச் சித்திரைப் பௌர்ணமியில் இந்திர விழா வருவதும் இந்தப் பருவத்திலேயே. கடற்கரையூர்களில் பெரும் கொண்டாட்டங்கள் ஏன் அந்த மாதங்களில் குவிகின்றன என்று வியப்பவர்கள் பஞ்சாங்கத்தோடு காற்றின் திசையையும் பார்க்க வேண்டும்.

போட்டிகள் பெரும்பாலும் தொழிலின் துண்டுகளே. நங்கூரமிட்ட படகொன்றில் கொடி கட்டி, அதைச் சுற்றி நீந்தி வருதல், சுழியோடிப் பொருளெடுத்தல், இருவர் சேர்ந்து மரம் வலித்தல். கிரீஸ் பூசிய வழுக்குமரமும் கயிறிழுத்தலும் எல்லா ஊருக்கும் பொது. ஆனால் மரம் வலிக்கும் போட்டி வேறு வகை. தடித்த மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டிய கட்டுமரத்தில் பக்கச்சுவரோ தளமோ கிடையாது. அலை மேலால் ஏறி இறங்கிப் போகும். வலிப்பவர் முழங்காலில் இருந்தபடி உடலின் பாரத்தையே சுக்கான் போல மாற்றிக்கொடுக்க வேண்டும். பார்வழியில் நுழையும்போது ஒரு கணம் தவறினால் கல்லில் மோதும். வேகம் மட்டும் போதாது. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் புறப்படும் முன்னரே பார்த்து வைத்திருப்பவன் வெல்வான். இந்தக் கணக்கைக் கரையில் நிற்கும் எம்போன்றவர்கள் காண்பதில்லை.

கழகம் என்றால் போட்டி மாத்திரம் அன்று. பெரும்பாலான ஊர்களில் அது ஒரு வாசிகசாலையாகத் தொடங்கியது. ஓலைக்கொட்டில், ஒரு வாங்கு, உள்ளூராட்சிச் சபை உபயத்தில் வரும் நாளேடுகள். பின்னர் அதுவே சனசமூக நிலையம் ஆகிக் கல்லால் கட்டப்பட்டது. காலையில் மீன் விற்று முடிந்தபின் ஒருவர் உரத்து வாசிக்க, வலை பொத்தியபடி மற்றவர்கள் கேட்பார்கள். மரண வீட்டுக்குக் கதிரையும் பெற்றோமாக்சும் போகும். கடலுக்குப் போன மரம் உரிய நேரத்துக்குத் திரும்பாவிட்டால் எல்லோரும் ஓடி வந்து கூடும் இடமும் அதுவே. யார் எந்தத் திசையில் போனான், கடைசியாக எவன் கண்டான், எத்தனை வள்ளம் தேடிப் போகலாம் என்பது அங்கேதான் தீர்மானிக்கப்படும். இரவில் முந்நூற்றி நாலு விளையாடுவார்கள். காசு வைத்து ஆடக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்து மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

போட்டி முடிந்த இரவில் ஒடியற் கூழ். நண்டும் இறாலும் மீன்தலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்ந்து கிடாரத்தில் கொதிக்க, ஒடியல் மாவைக் கரைத்து விட்டு, பழப்புளியும் செத்தல் மிளகாய்க் கூட்டும் சேர்த்து இறக்குவார்கள். பனையோலைப் பிளாவில் வாங்கி மணலில் இருந்து குடிப்பது வழக்கம். தோற்ற கழகத்துக்கே முதற் பிளா என்று ஓர் ஊரில் எனக்குச் சொன்னார்கள். பெண்கள் உறுப்பினர் பதிவேட்டில் இல்லை. ஆனால் மீன் விற்ற காசில் சீட்டுப் பிடித்துக் கழகத்தின் கட்டடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுத்தவர்கள் அவர்களே. பதிவேட்டை மட்டும் வாசித்து வரலாறு எழுதுபவர் இதைத் தவறவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கழகங்கள் எல்லோருக்கும் பொதுவானவை என்று இன்று ஏக்கத்தோடு பேசுகிறோம். அது முழு உண்மை அன்று. குறிச்சிக்கு ஒன்றாகவும், பல இடங்களில் சாதிக்கு ஒன்றாகவும் அவை இருந்தன. சொந்த மரம் இல்லாதவன் சம்மாட்டியின் மரத்திலேயே தொழிலுக்கும் போனான், போட்டிக்கும் போனான்.

இக்கரையின் நீச்சல் வீரர்கள் மட்டும் செய்தியின் வாலில் இருந்து தப்பி முன்பக்கத்துக்கு வந்தனர். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் இறங்கி 27 மணி நேரம் நீந்திக் கோடியக்கரையில் ஏறினார். பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் அவரே. 1971 இல் வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன் அதே நீரிணையை நீந்திப் போய்த் திரும்பியும் வந்தார். 51 மணி நேரம் எடுத்தது. ஆழிக்குமரன் என்று ஊர் அவரை அழைத்தது. கின்னஸ் புத்தகத்தில் பல சாதனைகளைப் பதித்த அவர், 1984 ஓகஸ்ட் 6 ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். வல்வெட்டித்துறையில் இன்று அவர் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது.

நவரத்தினசாமி நீந்தியது மார்ச்சில் என்பதைக் கவனிக்க வேண்டும். கழகங்கள் போட்டி வைக்கும் அதே அடங்கிய கடல். நெடுந்தூர நீச்சலில் கூடச் செல்லும் படகு இல்லாமல் எந்த வீரனும் இல்லை. இரவில் திசை பார்த்து, நீரோட்டம் மாறும்போது வழியை மாற்றிக்கொடுத்து, உணவு நீட்டி, கண் அயராமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இந்தக் கரையினரே. அவர்களுடைய பெயர்களைச் செய்திகளில் தேடினால் கிடைப்பது அரிது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சனால் வாங்கப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல், 1938 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த கதையிலும் இதே குறை உண்டு. கப்பலைச் செலுத்திச் சென்றவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். உலகம் முதலில் அறிந்த பெயர் வாங்கியவருடையது. மாலுமிகளின் பெயர்களைக் காத்து வைத்தது ஊர்.

1950களின் இறுதியில் இயந்திரப் படகுகளும் வெளியிணைப்பு இயந்திரங்களும் நைலோன் வலைகளும் வரத் தொடங்கின. மூன்றரைத் தொன் படகு என்ற சொல் கரையோரத்தில் செல்வத்தின் அளவுகோல் ஆயிற்று. 1967 இல், நோர்வேக்கு முதலில் சென்ற தமிழர் எனப்படும் அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியில், நோர்வே மக்களின் உதவியோடு உருவான சீ-நோர் நிறுவனம் காரைநகரில் படகுத்துறை அமைத்தது. கையால் வலிக்கும் திறமை தொழிலுக்குத் தேவையற்றதாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அது மேடையும் கோப்பையும் கொண்ட போட்டியாகச் சிறந்தது என்பது என் கணிப்பு. வில்லும் அம்பும் போருக்குப் பயன்படாத காலத்தில் வில்வித்தை விளையாட்டானது போன்றது இது. 1972 இல் அந்தக் கட்டுமரங்களை வலித்தவர்களுள் சிலர் மறுநாள் காலை இயந்திரப் படகில் கூலிக்குப் போயிருப்பார்கள்.

பிறகு கடல் மூடப்பட்டது. 1984 ஆம் ஆண்டின் இறுதியில் வடகடலில் தடைவலயம் அறிவிக்கப்பட்டது. 1987 மே மாதத்தில் வடமராட்சியில் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' இராணுவ நடவடிக்கை. 1990களில் தடை, அனுமதிச்சீட்டு, பகல் மட்டும், கரையிலிருந்து குறித்த தூரம் மட்டும், குதிரைவலு குறைந்த இயந்திரம் மட்டும் என்று கட்டுப்பாடுகள் மாறி மாறி வந்தன. தொழிலுக்கே கடல் இல்லாதபோது போட்டிக்கு எங்கே போவது? வாசிகசாலை அலுமாரிகளில் இருந்த கூட்டறிக்கைப் புத்தகங்கள், பரிசில் பட்டியல்கள், கறுத்துப்போன வெள்ளிக் கோப்பைகள் எல்லாம் ஒவ்வோர் இடப்பெயர்விலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. 2004 டிசம்பர் 26 இல் கடல் மிச்சத்தையும் சில ஊர்களில் எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் 1981 இல் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டன. ஆகவே ஒரு மகன் தன் தந்தையின் பெயரைத் தேடும்போது கொழும்பில் எஞ்சியிருப்பது, நான் வெட்டிய அந்த இரண்டு வரிதான்.

வெறுங்கையோடு பதில் சொல்ல மனம் வரவில்லை. வேறு அலுவலாக யாழ்ப்பாணம் போனபோது அந்த ஊருக்கும் சென்றேன். சனசமூக நிலையம் புதிய கட்டடத்தில் இருந்தது. உள்ளே கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அறுத்துச் சென்ற வலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடிமடி இழுவையை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தபோதும் வலை அறுவது நிற்கவில்லை. 1972 ஐப் பற்றிக் கேட்ட என்னை ஒரு பெரியவரின் வீட்டுக்கு அனுப்பினார்கள். எண்பதைக் கடந்தவர். கண் மங்கியிருந்தது, நினைவு மங்கவில்லை.

"ஓமோம், அந்த வருசம் அவன்தான். நானும் அவனும் ஒரு மரத்திலை. காத்துத் துண்டற இல்லை, தம்பி. ஆனால் நீர் கிழக்காலை இழுத்தது. மற்றவங்கள் கொடிக்கு நேரை வலிச்சவங்கள். நாங்கள் மேலாலை போய் விட்டுக்குடுத்து வந்தனாங்கள். பாருக்குள்ளை பூரேக்கை பின்னாலை ஒருத்தரையும் காணேல்லை."

அப்படியானால் கோப்பையில் உங்கள் பெயர்கள் இருந்தனவா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"எங்கடை பேரோ? மரம் சம்மாட்டியாற்றையெல்லே. ஸ்பீக்கரிலை அவற்றை பேர்தான் சொன்னவை. கோப்பை அவர் வீட்டை போனது. எங்களுக்கு ஆளுக்கு ஒரு சறமும் அஞ்சு ரூவாயும். அதுவும் பெரிய காரியம்தான், அந்த நேரம்."

எனக்கு அதுவரை இருந்த ஒரு நம்பிக்கை அங்கே கலைந்தது. நிருபர் அனுப்பிய கடைசிப் பக்கத்தை நான் வெட்டாமல் விட்டிருந்தாலும் அந்தத் தந்தையாரின் பெயர் பத்திரிகையில் வந்திராது. மரத்தின் உரிமையாளர் பெயரே வந்திருக்கும். என் குற்றம் இதனால் குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை. வெட்டும்போது எனக்கு இது தெரியாது.

இன்றைய நிலை வேறு. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் சனம் திரள்கிறது. அசையும் உறுப்புகளும் மின்விளக்குகளும் கொண்ட விசித்திரப் பட்டங்களின் படங்கள் பக்கம் நிறைய வருகின்றன. கட்டியவரின் பெயரும் வருகிறது. கட்டியவனே ஏற்றுகிறான் என்பதால் அங்கே பெயர்க் குழப்பம் இல்லை. கட்டுமர ஓட்டத்தை இன்று நடத்துவதாயின் முதலில் கட்டுமரங்களைத் தேட வேண்டும்.

ரொறன்ரோவுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். பத்திரிகையில் பெயர் இல்லை, காரணம் நான். கோப்பையிலும் பெயர் இல்லை, காரணம் வேறு. ஆனால் அன்று மரம் வலித்து முதலாவதாகக் கரையேறியவர் உங்கள் அப்பா, அதற்குச் சாட்சி கூட வலித்தவர் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "அந்தப் பெரியவற்றை பேரை ஒருக்காச் சொல்லுங்கோ ஐயா, எழுதிக்கொள்ளுறன்" என்றார்.

கல்வெட்டின் பிரதியொன்று இரண்டு மாதங்களின் பின் தபாலில் எனக்கு வந்தது. ஏழாம் பக்கத்தில், 1972 சித்திரைக் கட்டுமர ஓட்டம் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர்கள் இருந்தன. மரத்தின் உரிமையாளர் பெயரும் அடைப்புக்குறிக்குள் இருந்தது.